எழுத்தாளரும் இலக்கிய முகவரும்: போலிகளை இனங்காணும் நெறி

பாண்டி நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலில் நிகழ்ந்த முத்துக்குளிப்பைச் சற்று விரிவாகவே குறித்துள்ளார். வணிகர் பலர் கூட்டாகச் சேர்ந்து கப்பலும் படகும் கொண்டு வருவர். குளிப்பவரைக் கூலிக்கு அமர்த்துவர். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குச் சேரும். கொடிய மீன்கள் குளிப்பவரைத் தீண்டாதவாறு மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு சேரும். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இருளில் எவரும் திருட்டுத்தனமாகக் குளித்துவிடக் கூடாதல்லவா! மந்திரம் பலித்ததோ இல்லையோ, ஒன்று நோக்கத்தக்கது. அந்த மந்திரக்காரரும் தம் பங்கை எடுத்த முத்திலிருந்தே பெற்றனர். கடலில் இறங்குமுன் குளிப்பவனிடம் அவர்கள் கைநீட்டியதாகப் போலோ எழுதவில்லை.

ஈண்டு நாம் பேசவிருப்பது முத்தைப் பற்றியன்று, எழுத்தைப் பற்றி. எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையே நின்று, நூலின் உரிமையை விற்றுத் தந்து, விற்றதில் ஒரு பங்கைத் தம் ஊதியமாகப் பெறுபவரை இலக்கிய முகவர் என்பர். மேலைநாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெற்றுவிட்ட தொழில் இது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் இலண்டனில் ஏ.பி. வாட் என்பவர் இதனைத் தனித்தொழிலாக நடத்தத் தொடங்கினார். எழுத்தாளர் பெறும் தொகையில் 10 விழுக்காடு அவர் ஊதியம். இன்று ஆங்கில நூலுலகில் உள்நாட்டு விற்பனைக்கு 15 விழுக்காடும், அயல்நாட்டு உரிமைகளுக்கு 20 விழுக்காடும் வழக்கமாக உள்ளன. விழுக்காடு மாறியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை. எழுத்தாளருக்கு ஒரு ரூபாய் வந்தால்தான் முகவருக்குப் பதினைந்து காசு. எழுத்தாளருக்கு ஒன்றும் வரவில்லையெனில் முகவருக்கும் ஒன்றுமில்லை. இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால், போலிகளில் பெரும்பாலோரைப் பிற ஆராய்ச்சி ஏதுமின்றியே இனங்கண்டுவிடலாம்.

தமிழகத்தின் நிலை

தமிழில் முகவர் என்னும் இடைநிலை பெரும்பாலும் இருந்ததில்லை. எழுத்தாளர் இதழாசிரியரை அறிவார், பதிப்பாளரை அறிவார், கையெழுத்துப்படியை நேரே கொண்டுபோய்க் கொடுப்பார். தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து, வணிகராக வாழ்ந்த தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வெளிவந்து, 1988-இல் நூலாயிற்று. பின்னர் 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஓர் இதழும் அதன் வாசகரும் திறந்துவிட்ட வழி அது.

இன்று நிலைமை மாறிவருகிறது. தமிழ் நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமைகளை அயல்நாட்டார் கேட்டு வாங்குகின்றனர். தமிழக அரசு 2023 ஜனவரியில் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கி, மொழிபெயர்ப்புக்கு நல்கையும் அளிக்கத் தலைப்பட்டது. பெங்களூரில் 1997-இல் தோன்றிய ஜகரண்டா, ஜெய்ப்பூரின் சியாஹி போன்ற முகவர் நிறுவனங்கள் இந்திய எழுத்தாளர்க்காக உரிமைகளை விற்றுத் தந்துள்ளன. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும், தம் நூல் பிறமொழிக்குச் செல்ல வேண்டுமென விரும்புவோருக்கும் முகவர் உண்மையாகவே பயன்படுவார். உண்மை முகவர் வரும் வழியிலேயே போலியும் வருகிறார் என்பதே இடர்ப்பாடு.

இக்கடற்கரையூர்களில் எழுதுவோர் எத்தகையோர் என்பதை எண்ணிப் பார்த்தால் இடர்ப்பாட்டின் அளவு விளங்கும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஊர் வரலாறு எழுதுகிறார். வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியவர் தம் வாழ்க்கையை எழுதுகிறார். பாட்டியார் பாடிய தாலாட்டையும் முனாஜாத்தையும் பேத்தி தொகுக்கிறாள். அறபுத் தமிழ் ஏடொன்றை ஓர் ஆலிம் பெருமகனார் தமிழெழுத்தில் பெயர்த்து வைத்திருக்கிறார். இவர்களுக்குச் சென்னைப் பதிப்புலகில் அறிமுகம் குறைவு. தில்லியும் இலண்டனும் இன்னும் தொலைவு. 'உங்கள் நூலை உலகமெங்கும் கொண்டு செல்கிறோம்' என்னும் அழைப்பு இத்தகையோரின் கைப்பேசிக்கே வருகிறது. போவது ஓய்வூதியப் பணம். சில வேளைகளில் அதனினும் மேலாக, ஒரே படியாக இருக்கும் கையேடு. ஏமாந்தவர் வெளியில் சொல்ல நாணுகிறார். பேரன் பேத்திகளிடம்கூடச் சொல்வதில்லை. அந்த நாணமே அடுத்தவரும் ஏமாற வழி செய்கிறது.

தம் பொருளால் அச்சிடுதல்

இங்கு ஒரு தெளிவு தேவை. தம் பொருளைச் செலவிட்டு நூல் அச்சிடுவது இக்கடற்கரைக்குப் புதியதுமன்று, இழுக்குமன்று. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் எனப் போற்றப்படும் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலைத் தம் பணிக்களமாகக் கொண்டவர். அச்சுப் பணிக்குப் பொருளுதவி புரிந்தோர் முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி துணைநின்றார். அவர் மறைந்தபின் அபுல் காசிம் மரைக்காயர் புரந்தார். ஏட்டிலிருந்த அக்காப்பியத்தை 1842-இல் அச்சேற்றியவர் சேகனாப் புலவர் என வழங்கப்படும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். புரவலர் இன்றேல் இவற்றுள் எதுவும் நம் கைக்கு வந்திராது.

ஆனால், அவர்கள் எல்லாரும் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்தனர். அச்சகத்தார் தாள்விலை இவ்வளவு, அச்சுக்கூலி இவ்வளவு, கட்டுமானம் இவ்வளவு எனக் கணக்குச் சொல்லிப் பணம் பெற்று, சொன்ன எண்ணிக்கையில் படிகளைக் கொடுத்தால் அது நேர்மையான வாணிகம். பிழை திருத்துவோர் கூலி பெறுவதும் அவ்வாறே. அதே தொகையை, அல்லது அதைப்போல் பன்மடங்கை, 'தேர்வுக் குழு ஏற்றது', 'பன்னாட்டு முகவர் ஒப்புக்கொண்டார்' என்னும் போர்வையில் பெறும்போதுதான் வஞ்சனை தொடங்குகிறது. அச்சகத்தார் அச்சிட்ட தாளை விற்கிறார். போலி முகவர் எழுத்தாளரின் ஆசையை எழுத்தாளருக்கே விற்கிறார்.

நடந்த சில வழக்குகள்

அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தில் 1990-களில் டோரத்தி டியரிங் என்பவர் நடத்திய முகவர் நிலையத்தின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. பதிப்புத் துறையில் எவ்வித முன்னனுபவமும் அவருக்கு இல்லை. இதழ்களில் விளம்பரம் செய்து கையெழுத்துப்படிகளை வரவழைத்தார். ஒவ்வொன்றுக்கும் படிப்புக் கட்டணம் பெற்றார். நூற்றுக்கணக்கானோர் பணம் அனுப்பினர். பதிப்பாளர் எவரும் வாங்கவில்லை என்றபோது, 'கூட்டுப் பதிப்பு' என்றொரு திட்டத்தைக் காட்டி ஆயிரக்கணக்கான டாலர்களை மேலும் பெற்றார். பின்னர்த் தம் குடும்பத்தாரைக் கொண்டே ஒரு பதிப்பகமும் தொடங்கினார். முகவரும் தாமே, பதிப்பாளரும் தாமே! நடுவண் புலனாய்வுத் துறை தலையிட்டு, வழக்கு நடந்து, அவர் சிறை சென்றார். அத்துறையின் முன்னாள் அலுவலர் ஜிம் ஃபிஷர் 2004-இல் இதனை நூலாக்கினார். 'இன்மையில் பத்து விழுக்காடு' என்று பொருள்படும் அந்நூலின் தலைப்பே கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது.

அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் வெளிப்பட்ட எடிட் இங்க் என்னும் நிறுவனத்தின் முறை இன்னும் நுட்பமானது. முகவர் எழுத்தாளரிடம் தாமாக ஒரு காசும் கேட்பதில்லை. 'உங்கள் நாவல் சிறப்பாக உள்ளது. சிறிது செம்மைப்படுத்தினால் விற்றுவிடலாம். இந்த நிறுவனத்தாரை அணுகுங்கள்' என்று எழுதிவிடுவார். எழுத்தாளர் அங்குச் சென்று பெருந்தொகை கட்டுவார். அதில் ஒரு பங்கு அனுப்பிவைத்த முகவருக்குத் திரும்பி வரும். 1990-களின் பிற்பகுதியில் அம்மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் நடவடிக்கை எடுத்த பிறகே இதன் முழு உருவம் தெரிந்தது. திருத்தம் வேண்டுமெனச் சொல்வது குற்றமன்று. நல்ல முகவர் பலமுறை சொல்வார். ஆனால் திருத்துபவர் இன்னாரே என்று ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டும்போது, நம் காது சற்றுக் கூர்மையாக வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை எனக் கருதற்க. 2025 ஜனவரியில் வெளியான அமெரிக்க அரசின் குற்றச்சாட்டொன்று இதனினும் பெரியது. கலிபோர்னியாவில் இயங்கிய பேஜ்டர்னர் என்னும் நிறுவனத்தைச் சார்ந்தோர், பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள அழைப்பு மையத்தின் வழியாக எழுத்தாளர்களோடு பேசி, புகழ்பெற்ற பதிப்பகங்களும் திரைப்பட நிறுவனங்களும் அவர்கள் நூலை வாங்கக் காத்திருப்பதாக நம்பவைத்து, அதற்கு முன் கட்டணம், வரி, சட்டச் செலவு எனப் பல பெயர்களில் பணம் பெற்றனர் என்பது அக்குற்றச்சாட்டு. 2017 முதல் 2024 வரை 800-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள். 4 கோடியே 40 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை. இழந்தவருள் முதியோர் பலர். முதல் கட்டணம் சிறியது. அதைக் கட்டியவர், கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்று அடுத்ததைக் கட்டுகிறார். சூதாட்டத்தில் தோற்றவன் மீண்டும் காயுருட்டும் மனநிலை அது.

கட்டணம் பெற்றவர் எல்லாரும் கயவர் என்றும் சொல்லிவிட முடியாது. நியூயார்க்கின் ஸ்காட் மெரிடித் நிறுவனம் 1946 முதல் வெளிப்படையாகவே படிப்புக் கட்டணம் பெற்றது, ஆர்தர் சி. கிளார்க், நார்மன் மெய்லர் முதலியோருக்கும் அதுவே முகவர். எனினும் பணம் கட்டி எழுதியோர் வரிசை வேறு, அந்தப் பெரியவர்களின் வரிசை வேறு. பிற்காலத்தில் அமெரிக்க முகவர் சங்கம் தன் உறுப்பினர் படிப்புக் கட்டணம் பெறலாகாது என விதித்தது சரியே என்பது என் துணிபு.

கேட்கவேண்டிய கேள்விகள்

முகவர் ஒருவர் அணுகினால் முதலில் கேட்கவேண்டியது: 'சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில் தாங்கள் விற்றுத் தந்த நூல்கள் எவை? அவற்றை வெளியிட்ட பதிப்பகங்கள் எவை?' நேர்மையான முகவர் இதற்கு மகிழ்ந்து விடையளிப்பார். அவருக்கு அதுவே விளம்பரம். 'அது இரகசியம்' என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். விடை கிடைத்தால் அதைச் சரிபார்க்க வேண்டும். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலியவற்றுக்கு அனுப்புதல் கடமை. எனவே, ஒருவர் சொல்லும் பதிப்பகம் உண்மையில் நூல் வெளியிடுகிறதா என்பதைக் கன்னிமாராவின் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். இன்னும் எளிய வழியும் உண்டு. சென்னைப் புத்தகக் காட்சியிலோ, தூத்துக்குடியில் நடைபெறும் புத்தகத் திருவிழாவிலோ அரங்கு வைத்திருக்கும் பதிப்பாளர் இருவரிடம் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். பத்து நிமிட வேலை.

இரண்டாவது, உறுதிமொழி. 'கட்டாயம் வெளியாகும்', 'கட்டாயம் விற்கும்' என்று உண்மை முகவர் எவரும் சொல்லமாட்டார். சொல்ல அவரால் இயலாது, ஏனெனில் வாங்கும் முடிவு அவர் கையில் இல்லை. பழைய முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலமிட்டனர். உள்ளே என்ன இருக்கும் என்பதை ஏலமெடுத்தவரும் அறியார், விற்றவரும் அறியார். அச்சிடாத நூலும் அத்தகையதே. நூலக ஆணை வாங்கித் தருவதாகவும், அதற்கு முன்பணம் வேண்டுமென்றும் சொல்வோரையும் இவ்வினத்திலேயே வைக்கவேண்டும்.

மூன்றாவது, படித்தாரா என்பது. 2004-இல் அமெரிக்க எழுத்தாளர் பலர் கூடி, 'அட்லாண்டா நைட்ஸ்' என்றொரு நாவலை வேண்டுமென்றே மிக மோசமாக எழுதினர். ஓர் அத்தியாயமே இருமுறை இடம்பெற்றது. ஓர் அத்தியாயம் காணவில்லை. ஓர் அத்தியாயத்தைக் கணினி நிரலே பொருளின்றி உருவாக்கிற்று. பப்ளிஷ் அமெரிக்கா என்னும் நிறுவனம் அதனையும் ஏற்று ஒப்பந்தம் அனுப்பிவைத்தது. உண்மை வெளிவந்ததும் 2005 ஜனவரியில் ஏற்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாராட்டுக் கடிதத்தில் நம் நூலுக்கே உரிய செய்தி ஒன்றாவது உள்ளதா என்று பார்க்கவேண்டும் என்பது இதனால் எழுந்த அறிவுரை. ஆனால் இந்த அறிவுரையும் இப்போது பழையதாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நூலின் சுருக்கத்தைக் கொண்டே, மும்முறை படித்தவர் எழுதியது போன்ற கடிதத்தை நொடியில் எழுதித் தருகின்றன. இனிப் புகழ்ச்சியை எதற்கும் சான்றாகக் கொள்ளலாகாது.

நான்காவது, இலவசமாகக் கிடைப்பதை விற்பது. பன்னாட்டுத் தரப் புத்தக எண்ணை இந்தியாவில் வழங்குவது நடுவண் கல்வி அமைச்சகத்தின்கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. அதற்குக் கட்டணம் இல்லை; எழுத்தாளர் தாமே விண்ணப்பித்துப் பெறலாம். பதிப்புரிமைப் பதிவும் கட்டாயமன்று. எழுதி முடித்த அளவிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் ரூ.500. இவ்விரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் விலைப்பட்டியல் நீட்டுபவர் வேறு எதில் நேர்மையாக இருப்பார்? கல்லூரி ஆசிரியர்க்கு இங்கு ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையைக் கொணர்ந்தபின், புத்தக எண் இருந்தால் போதும் என்ற நிலை தோன்றி, கட்டுரை ஒன்றுக்கு இவ்வளவு எனப் பணம் பெற்றுத் தொகுப்பு வெளியிடுவோர் பெருகினர். அந்த எண் நூலுக்கு முகவரியே அன்றித் தரச்சான்று அன்று.

விருதும் பட்டமும் இதே சந்தையில் விற்கப்படுகின்றன. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு திரைத்துறையினர் உள்ளிட்ட பலருக்குப் போலி மதிப்புறு முனைவர் பட்டங்களை வழங்கியதும், பல்கலைக்கழகம் காவல் துறையில் புகார் அளித்ததும் நாடறிந்த செய்தி. அரங்கின் பெயர் அமைப்புக்கு மதிப்பைத் தந்துவிடாது. நூலுக்கு விருது என்று அழைத்து, 'பதிவுக் கட்டணம்' கேட்பவரிடம் நம் பெரியோர்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருப்பவை

பணத்தை இழந்தால் உழைத்து ஈட்டலாம். உரிமையை இழந்தால் மீட்பது அரிது. எழுத்துரிமை ஒன்றாகத் தோன்றினும் கிளைகள் பல: அச்சு, மொழிபெயர்ப்பு, நாடகம், திரைப்படம், ஒலிப்பதிவு, மின்னூல். ஒவ்வொன்றும் தனித்து விற்கத்தக்கது. இதற்கு நம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. எட்டயபுரத்துப் பாரதியார் 1920-இல் தம் படைப்புகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படி வீதம் அச்சிடத் திட்டமிட்டு, கடனாகப் பொருள் வேண்டி, வட்டியோடு திருப்பித் தருவதாக நண்பர்க்குச் சுற்றறிக்கை விடுத்தார். ஒளிவுமறைவற்ற வேண்டுகோள், எனினும் கைகூடவில்லை. 1921-இல் அவர் மறைந்தபின், பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை நூலுரிமையிலிருந்து பிரிந்து தனியே விலைபோய், கைமாறி, ஏ.வி.எம். நிறுவனத்தை அடைந்தது. 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. தமிழுலகம் பாரதி பாடலைப் பாட எவரிடம் இசைவு பெறவேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. 1949-இல் சென்னை அரசு உரிமைகளைக் கையகப்படுத்தியது, ஏ.வி. மெய்யப்பன் தம் உரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். செல்லம்மாள் அவர்களுக்கும் மகளிர் இருவருக்கும் தலைக்கு ரூ.5,000 வழங்கப்பட்டது, 1955-இல் அப்படைப்புகள் பொதுவுடைமையாயின. இதில் எவரும் மோசடி செய்தாரல்லர். ஆயினும் ஒரு கிளை உரிமை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இன்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. அறிந்தவர்க்கே அது பயன்படும். ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், ஆசிரியர் கையொப்பம் வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. எந்த நூல், எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு உரிமைத்தொகை என்பன குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியா மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்ளும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தவில்லையெனில், ஒப்பந்தத்தில் வேறுவகையாகக் கூறியிருந்தாலன்றி, அவ்வுரிமை காலாவதியாகும். இந்த 'வேறுவகையாக' என்னும் சொல்லில்தான் போலிகள் நுழைகின்றனர். 'அனைத்து உரிமைகளும், அனைத்து மொழிகளிலும், உலகமெங்கும், உரிமைக்காலம் முழுவதும்' என்னும் ஒரு வரி, சட்டம் தரும் காப்பையெல்லாம் துடைத்துவிடும்.

முகவரோடு செய்யும் ஒப்பந்தமோ இதனினும் எளிதாக இருத்தல் வேண்டும். முகவருக்கு உரிமை மாறுவதே இல்லை. எழுத்தாளர் சார்பில் பேசும் அதிகாரம் மட்டுமே அவருக்கு உண்டு. எழுத்தாளர் இசைவின்றி அவர் எதையும் விற்க இயலாது. ஒன்று அல்லது இரண்டு மாத முன்னறிவிப்போடு எவரும் விலகிக்கொள்ள வழி இருக்கும். 'அலுவலகச் செலவுகள்' என வரம்பின்றி ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். முகவர் மறுத்தால் காரணம் தெளிவு. படித்துப் பார்க்க ஒரு வாரம் கேட்டாலே 'இன்றிரவோடு வாய்ப்பு முடிகிறது' என்பவரும் அவ்வாறே.

பெயரைத் திருடுவோர்

கட்டணமே கேட்காத மோசடியும் உண்டு. 2016 முதல் சில ஆண்டுகள், உலகின் பெயர்பெற்ற முகவர், பதிப்பாசிரியர் பெயரில் மின்னஞ்சல்கள் சென்றன, அச்சுக்கு வராத கையெழுத்துப்படிகளை அவை கேட்டன, பலர் அனுப்பிவைத்தனர். முகவரியில் ஆங்கில 'எம்' எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என இரண்டெழுத்துகள் நெருக்கி இடப்பட்டிருந்தன. கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. 2022 ஜனவரியில் கைதானவர் இலண்டன் பதிப்பகமொன்றில் பணியாற்றிய இத்தாலிய இளைஞர். 1,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப்படிகளைப் பெற்றிருந்தார். 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவற்றை விற்றதாகவும் தெரியவில்லை. பிறருக்கு முன் படிக்கும் ஆசையே காரணம் என்றார்!

எனவே பெரிய நிறுவனத்தின் பெயரில் கடிதம் வந்தால், கடிதத்திலுள்ள எண்ணுக்கு விடையளிக்கலாகாது. அந்நிறுவனம் வெளியிட்ட நூலொன்றை எடுத்து, அதன் உரிமைப் பக்கத்தில் அச்சாகியுள்ள முகவரிக்கு நாமே எழுதிக் கேட்கவேண்டும். மூலக் கையேட்டை, அதிலும் பழைய அறபுத் தமிழ் ஏடுகளை, எவர் கேட்டாலும் கைவிட்டு அனுப்பலாகாது, ஒளிப்படியே போதும். அனுப்பிய நாள், அனுப்பிய பகுதி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று. முழு நூலையும் கொடுக்குமுன் இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்துப் பார்க்கலாம். நல்ல முகவர்கள் தொடக்கத்தில் கேட்பதும் அவ்வளவே.

முன்பே பணம் கட்டியவர்க்கு

ஏற்கெனவே கட்டிவிட்டவர் முதலில் செய்யவேண்டியது, மேலும் கட்டாதிருத்தல். 'இழந்ததை மீட்டுத் தருகிறோம்' என்று வரும் அடுத்த அழைப்பும் பெரும்பாலும் அதே கூட்டத்தாரிடமிருந்தோ, அவர்களிடம் பட்டியல் வாங்கியவரிடமிருந்தோ வருவதே. இணையவழிப் பணம் அனுப்பியிருந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நேரம் செல்லச் செல்லப் பணம் பல கணக்குகளில் சிதறிவிடும். சொன்ன சேவையைச் செய்யாத உள்நாட்டு நிறுவனத்தின்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நிகழ்ந்து இரண்டாண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். பணச்சீட்டு, கடிதம், உரையாடல் பதிவு எதையும் அழிக்கலாகாது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தால், ஓராண்டு கடந்தும் நூல் வெளிவராத நிலையில், அதிகாரம் விலக்கிக்கொள்ளப்பட்டது என ஒப்புகையுடன் அஞ்சலில் எழுதி, அதன் படியை வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்த வாசகத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டியபின் எழுதுவது நலம். கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது.